அடுத்தது வேணி

...இன்னும் மூன்று பேர்தான், மூன்றாவதாக எழப்போவது அண்ணி அமலா, அதற்கடுத்து தன் முறை, அதற்குள் ஏதாவது ஒரு நன்மையைத் தேடிப் பிடித்தாக வேண்டும், பொய்யாக இல்லாமல், மற்றவர்கள் சிரிக்காமல்... புதன்கிழமை வீட்டு ஜெபத்தில் இது ஒரு தொல்லை, பாட்டு முடிந்ததும் பாயில் உட்கார்ந்திருக்கிற வரிசைப்படி ஒவ்வொருத்தியாக எழுந்து அந்த வாரம் கர்த்தர் தனக்குச் செய்ததைச் சாட்சி சொல்ல வேண்டும். தேவாவைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் வேணிக்கு ஜெபமே பழக்கம், பாட்டெல்லாம் வந்துவிட்டது, சாட்சி மட்டும் இன்னும் வரவில்லை. மடியில் மகள் தூங்குகிறாள், கால் மரத்துவிட்டது, அசைத்தால் எழுந்து அழுவாள், அசைக்காவிட்டால் தன் முறை வரும்போது எப்படி எழுந்து நிற்பது?

லட்சுமியம்மாள் எழுந்தாள். ஞானஸ்நானம் எடுத்தும் பேரை மாற்றிக்கொள்ளாதவள், யார் கேட்டாலும் ரேஷன் கார்டில் யார் மாத்துறது என்பாள். "கர்த்தருக்கு ஸ்தோத்திரம். திங்கக்கெழம விழுப்புரத்துல பஸ் ஏறுனேன். திண்டிவனம் ஊருக்குள்ள போவாது, பைபாஸ்லதான் எறக்குவேன்னான் கண்டக்டரு. முட்டி வலியோட அங்கேருந்து எப்பிடிடா நடப்பேன்னு ஜெபம் பண்ணிக்கினே வந்தேன். என்னா நெனச்சானோ, நேரா பஸ் ஸ்டாண்டுல கொணாந்து வுட்டான்!" யாரோ, "வேற யாருனா ஆபீசரு ஏறியிருப்பாங்க யக்கா" என்றாள், எல்லோரும் சிரித்தார்கள், பாஸ்டரம்மாவும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அதுவும் அற்புதந்தாம்மா" என்றார். லட்சுமியம்மாளுக்கு ஒரு பஸ் போதும், தனக்கு ஏன் எதுவும் கிடைக்கவில்லை... கிடைக்காமல் என்ன, கிடைத்திருக்கிறது, அதுதானே பேஜாரு. ஒரகடத்துப் பக்கம் ஒரு கம்பெனியில் தேவாவுக்கு வண்டி ஓட்டும் வேலை, தங்க வீடும் உண்டாம், வருகிறேன் என்று இன்றைக்குச் சொல்லிவிட வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை கண்ணெல்லாம் மின்ன வந்து சொன்னான், அவள் பேசாமல் சோறு போட்டாள், "இன்னாடி, வாயத் தொற. இங்க என்னா கீதுன்னு யோசிக்கிற?" என்றான்.

என்னதான் இருக்கிறது? மூன்று நாளாக, வேலை செய்கிற கடலை மண்டியில் மல்லாட்டை பொறுக்கும்போதெல்லாம் சொத்தையைத் தள்ளுகிற கை தள்ளிக்கொண்டே இருக்க, மனது அதையே கிளறிக்கொண்டிருந்தது. வெயிலில் காய்ந்து வந்த மூட்டையில் முதுகைச் சாய்த்தால் ஏறுகிற சூடு, கூட வேலை பார்க்கிற, மேஸ்திரியைப் போலவே நடந்து காட்டுகிற கலைப்பிரியா, விடியலில் தண்ணீர் பிடித்து முடித்து தேவா எழுவதற்கு முன்னால் வாசற்படியில் சும்மா உட்காருகிற கொஞ்ச நேரம்... இதையெல்லாம் ஒரு ஆம்பளையிடம் காரணம் என்று சொல்ல முடியுமா, சிரிக்க மாட்டானா? சிரிக்காவிட்டாலும், இது நிஜமாகவே நிறைவுதானா, இல்லை புது ஊருக்குப் பயமா? பயம்கூட இப்படித்தானே பேசும், இங்கேயே இரு, இது போதும் என்று. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியபோதும் அவள் பேசவில்லை, என் பொண்ணு எதையும் கேக்காது, தங்கம் என்று அம்மா ஊரெல்லாம் சொன்னாள், கேட்காமல் இருந்தது நிறைவினாலா, கேட்கத் தெரியாததினாலா... ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாத மனதை வைத்துக்கொண்டு எதற்கு நன்றி சொல்வது, யாரை நிறுத்துவது?

அதற்குள் அமலா எழுந்துவிட்டாள். இடையில் இருந்தவள் எப்போது முடித்தாள்? "எங்க தம்பிக்குக் கர்த்தர் பெரிய வாசலத் தொறந்துட்டாரு, வூட்டோட வேல. குடும்பமா போறாங்க. அதுக்காக ஸ்தோத்திரம்." எல்லோரும் ஸ்தோத்திரம் என்றார்கள், எல்லோர் முகமும் வேணி பக்கம் திரும்பியது. இனி தான் எழுந்து ஆமாம், ஸ்தோத்திரம் என்றால் முடிந்தது, பன்னிரண்டு பெண்கள் முன்னால் மூட்டை கட்டியதுபோல் ஆகிவிடும், தேவாவிடம் பேச ஒன்றும் மிச்சமிருக்காது. சொல்லாவிட்டால்? புருஷன் முன்னேறுவதைப் பொறுக்காதவள் என்பார்கள். மகளின் தலையைப் பாயில் இறக்கினாள், கால் விறுவிறுவென்று குத்தியது, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், புடவை முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள், இன்னும் ஒரு தரம் இழுத்துக்கொண்டாள்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்... இந்த வாரம்... ஒண்ணும் நடக்கல. நான் இங்க சந்தோஷமா கீறேன்."

அவ்வளவுதான். ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை, பிறகு பழக்கத்தில் பாஸ்டரம்மா ஆமென் என்றார், எல்லோரும் ஆமென் என்றார்கள். உட்கார்ந்ததும் அமலா அவள் தொடையில் இடித்தாள். "இன்னாடி சொன்ன இப்ப? போறன்றியா, போவலன்றியா?"

"தெரியல அண்ணி."

"தெரியலயா! அவன் அங்க போனக் கையில வச்சிக்கினு குந்தியிருக்கான், உனுக்குத் தெரியலயா!"

அடுத்தவள் சாட்சியை ஆரம்பித்துவிட்டாள், பேரனுக்குக் காய்ச்சல் விட்டதைப் பற்றி, வேணியின் காதில் ஒன்றும் ஏறவில்லை. சொல்லிவிட்டால் மனது ஆறுமென்று நினைத்தாள், ஆறவில்லை. சந்தோஷமாக இருக்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல்முறையோ? கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தேவாவிடம் ஒரு நாளாவது... உப்பு குறைவா என்று கேட்டிருக்கிறாள், மழை வருமா என்று கேட்டிருக்கிறாள், இதைச் சொன்னதில்லை. அவனுக்கு யார் சொல்லித் தெரியும்? எதுவும் கேட்காமல் உம்மென்று இருக்கிற பெண்டாட்டியைப் பார்த்துப் பார்த்து, இவளுக்கு இந்த ஊரில் ஏதோ குறை என்று நினைத்துத்தான் அவன் வேறு ஊர் தேடினானோ... இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் சொல்லலாம், இத்தனை பேர் முன்னால் வந்த வார்த்தை அவன் ஒருவன் முன்னால் வருமா என்றுதான் தெரியவில்லை.