ஊருக்குப் போய்வந்த இனிப்பு

ஜப்பானில் அந்த நகோயா அலுவலகத்தில் யார் ஊருக்குப் போய்வந்தாலும் ஆளுக்கொரு இனிப்பை மேசைமேல் வைத்துவிட வேண்டும். மூத்தவளான முரோய் மட்டும் ஒவ்வொரு முறையும் ஹிசானோவின் மேசையைத் தாண்டிப் போய்விடுவாள். திட்டினால் புகார் கொடுக்கலாம். இனிப்பு தரவில்லை என்று யாரிடம் போய் அழுவது? சின்னப் பிள்ளையா நீ என்று சிரிப்பார்கள். அங்கேதான் இருக்கிறது அந்தப் பாவியின் சாமர்த்தியம்.

போன வாரக் கூட்டத்தில் பக்கத்து மேசை கொமியா மட்டும் வாய் திறந்தான்.

"ஹிசானோ சானை மட்டும் ஏன் எப்பவும் விட்டுட்டுப் போறீங்க?"

"அடடா, என் கண்ணுல படலையே!" என்று முரோய் சிரித்தாள்.

வார இறுதியில் ஊருக்குப் போய்வந்த முரோய் இன்று காலை ஹிசானோவின் மேசையிலும் ஒரு மோச்சி, ஒட்டும் அரிசிமாவு இனிப்பு, வைத்திருந்தாள். கீழே விழுந்ததை எடுத்து வைத்தாளோ? கெட்டுப்போனதோ? ஹிசானோ உறையைத் திருப்பித் திருப்பித் தேதி பார்த்தாள். முகர்ந்தும் பார்த்தாள்.

"என்ன, விஷமா வச்சிருக்கேன்? சும்மா சாப்பிடுங்க," என்றாள் முரோய், எதிரில் வந்து நின்று.

சாப்பிட்டாள். நல்ல மோச்சிதான். சந்தேகப்பட்டதற்கு வெட்கமாகக்கூட இருந்தது.

"ரொம்ப நல்லா இருக்கு, முரோய் சான். ரொம்ப நன்றிங்க."

முரோய் நகர்ந்த பிறகுதான் ஹிசானோ சுற்றிலும் பார்த்தாள். எல்லார் மேசையிலும் மோச்சி இருந்தது. கொமியாவின் மேசையில் மட்டும் இல்லை. அவன் கணினித் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

மாவு இன்னும் அவள் பல்லில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஹிசானோ வாயைத் திறக்கவில்லை.