பிடரி கருகிய தொப்பி

…இல்லை, புளி தோலில் படக்கூடாது, பித்தளைக்கு மட்டுந்தான் புளி, தோலுக்கு விளக்கெண்ணெய், அதுவும் சொட்டுச் சொட்டாக, ஊற ஊற, அவசரப்பட்டால் பிசுபிசுப்பு தங்கிவிடும்… மஞ்சுளா தொப்பியை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். தொப்பி என்றா சொல்வது இதை, ஒரு பூசணிக்காய்க் கனம் கனக்கிறது, உச்சியில் சேவல் கொண்டை மாதிரி ஒரு பித்தளை, நெற்றியில் ஒரு பித்தளை வில்லை, இரண்டையும் கழற்றிப் புளித்தண்ணீரில் ஊறப்போட்டாயிற்று, மிச்சமெல்லாம் தோல், காய்ந்து வெடித்த கறுப்புத் தோல். வெள்ளைக்காரன் காலத்தில் எந்தத் தீயணைப்புக்காரன் தலையில் இருந்ததோ, புருஷன் வேலை செய்கிற கம்பெனியின் மேனேஜர் ஏதோ ஏலத்தில் எடுத்தாராம், நாளைக்குக் கம்பெனியில் பாதுகாப்பு தினம், மேடையில் பாண்டுரங்கன் தலையில் வைக்கப்போகிறார்களாம். "நீதான் ஷூ கம்பெனில தோல் தைக்கிறியே, இத்த கொஞ்சம் சரி பண்ணிக் குடு மஞ்சு" என்று வெள்ளிக்கிழமை கொண்டுவந்து வைத்த மனுஷன் அப்புறம் இதன் பக்கமே திரும்பவில்லை. புருஷனுக்குப் பெருமை வருகிற நேரத்தில் முகம் ஏன் இப்படிச் சுண்டிப் போகிறது?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மண்ணூரே சோறு தின்றுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தது, மெயின் ரோட்டில் போகிற லாரிச் சத்தம்கூடத் தண்ணீருக்கடியிலிருந்து வருவது போல… உள்ளே பாண்டுரங்கன் பாயில் படுத்து டிவி பார்த்துக்கொண்டிருந்தான், குவைத்தில் எண்ணெய்க் கிணறுகள் எரிகின்றன, கறுப்பு வெள்ளைப் பெட்டியில் நெருப்பு வெள்ளையாகத்தான் தெரிகிறது, வெள்ளை வெள்ளையாகப் பூத்துப் பூத்து, எவ்வளவு அழகு, சீ, நெருப்பைப் போய் அழகு என்கிறேனே… அவள் நூலில் மெழுகு தேய்த்தாள், தொப்பியின் உள்பட்டியில் விட்டுப்போன தையலுக்குள் ஊசியை நுழைத்தாள். எந்த நெற்றி வியர்வையோ பட்டியில் கரைகட்டி நின்றது. பொங்கல் கழிந்த வாரம் கம்பெனி பெயிண்ட் குடோனில் தீப்பிடித்தது, தீயணைப்பு செக்ஷனில் வேலை செய்கிற பாண்டுரங்கன்தான் உள்ளே போய் மயங்கிக் கிடந்த குடோன் ஆள் கண்ணப்பனை இழுத்து வந்தான், கண்ணப்பன் பிழைத்துக்கொண்டான், ஆனால் அவனுக்கு ஒன்றும் ஞாபகமில்லை. எல்லாரும் பாராட்டினார்கள். ஷூ கம்பெனியில் பக்கத்து மிஷின் முனியம்மாள், அவள் புருஷனும் பாண்டுரங்கனோடு வேலை செய்கிறவன், அவள் மட்டும் தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் காதோடு சொன்னாள், "தப்பா நெனச்சிக்காத, எங்கூட்டுக்காரரு ஜன்னலாண்ட நின்னு பாத்தாராம். உன் ஆளு நெருப்பப் பாத்ததும் திரும்பி ஓடுச்சாம்." பொறாமைக்காரி என்று அன்றைக்கே தள்ளிவிட்டாள், ஆனால் தள்ளியது போகவில்லை, தினமும் சாயங்காலம் அவன் பிடரியில் மருந்து தடவும்போது விரல் நுனியில் வந்து உட்கார்ந்துகொள்கிறது… காயம் பிடரியில், முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. நெருப்புக்கு நேரே போனவனுக்குப் பின்கழுத்து எப்படி வேகும்?

தொப்பியைத் திருப்பினாள். முன்பக்க விளிம்பு குட்டை, பின்பக்கம் வாழை மடல் மாதிரி நீண்டு சரிந்திருந்தது, அந்தச் சரிவில்தான் தோல் கருகிப் பொருக்கு விட்டிருந்தது, வேறெங்கும் இல்லை. இதை அந்தக் காலத்தில் போட்டிருந்தவனுக்கும் பின்னாலதானா… யாரும் பார்க்கிறார்களா என்று ஒரு தரம் வாசலைப் பார்த்துவிட்டுத் தலையில் வைத்துக்கொண்டாள். உலகம் சட்டென்று தள்ளிப் போயிற்று, தன் மூச்சே எங்கோ கடல் இரைவது போல, எண்ணெயும் பழைய புகையும் கலந்த வாசனை, யாருடைய கனவுக்குள்ளோ நுழைந்துவிட்டது போல… ஊசி நழுவிக் கீழே விழுந்தது, எடுக்கக் குனிந்தாள், குனிந்ததும் பின்விளிம்பு எழும்பிப் பிடரிக்கு மேல் கூரையாக நின்றது. அப்படியே இருந்தாள். குனிகிறவனுக்குத்தானே நெருப்பு பின்னால் விழும்! கீழே கிடப்பவனைத் தூக்கக் குனிகிறவனுக்கு! மார்பில் ஏதோ குளிர்ந்து இறங்கியது, தொப்பியைக் கழற்றக்கூட மறந்து உள்ளே போனாள்.

"குனிஞ்சிதானே கண்ணப்பனத் தூக்குனீங்க? அதனாலதான் பொடனில பட்டுச்சு, இல்ல?"

பாண்டுரங்கன் அவளையும் தொப்பியையும் மாறி மாறிப் பார்த்தான். எழுந்து டிவியை அணைத்தான்.

"ஓடத்தான் ஓடுனேன், மஞ்சு."

அவள் பாயோரம் உட்கார்ந்தாள்.

"ஒரே பொக. கண்ணு தெரியல. கதவாண்ட ஓடி வர்றேன், காலு எதுலயோ தட்டி வுழுந்தேன். தொட்டுப் பாத்தா ஆளு. மேல இன்னாவோ எரிஞ்சி வுழுந்துச்சு. அப்பால இழுத்துகினு வந்தேன். காலு தட்டலன்னா…"

"தட்டுனப்புறம் வுட்டுட்டு வந்திருக்கலாமே. ஏன் வுடல?"

"தெரியல. கை வுடல." தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான், அது இன்னொருவனுடையது போல. பிறகு மெதுவாக, "நாளைக்கு மைக்குல இத்தச் சொல்லிடட்டுமா? மனசு லேசாயிடும்."

வேணாம், என்று வாய்வரை வந்துவிட்டது. எவ்வளவு வேகமாக வந்தது! கால் ஓடியிருக்கிறது, கை விடவில்லை, இரண்டும் இவனுடையதுதான், இரண்டோடும் தன்னால் படுத்து எழுந்து குடும்பம் நடத்திவிட முடியும், அதில் ஒரு கஷ்டமும் இல்லை என்று இப்போது தெரிகிறது. அப்புறம் எதற்கு வேணாம்? நாளை கம்பெனி மைதானத்தில் மேடைக்கு எதிரே முனியம்மாளின் புருஷன் உட்கார்ந்திருப்பான், அவன் முகம்தான் முதலில் வந்தது, இவன் முகம் வரவில்லை… அப்படியென்றால் இத்தனை நாளாக, மருந்து தடவிய ஒவ்வொரு சாயங்காலமும், இவன் ஓடியிருப்பானோ என்றா பயந்தாள், இல்லை, ஓடியது நாலு பேருக்குத் தெரிந்துவிடுமோ என்றா?

அவன் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தான். தலையிலிருந்த கனம் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது…