சம்பந்தி வண்டியில் ஸ்டிக்கர்

எங்கள் குடியிருப்பில் கண்ட இடத்தில் வண்டியை நிறுத்துகிறவர்களுக்கு என்னைக் கண்டால் ஆகாது. எனக்கும் அவர்களைக் கண்டால் ஆகாது. ஐந்தாவது கட்டடத்துக்குப் பிரதிநிதி நான்தான். முன்பெல்லாம் காவலாளி ஒட்டும் எச்சரிக்கை ஸ்டிக்கரை நகத்தால் கிள்ளிப் போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போவார்கள். போன வருஷம் குடியிருப்போர் கூட்டத்தில் எழுந்து ஒரு பிடி பிடித்தேன். ஒட்டினால் ஒட்டினதுதான் என்று இருக்கவேண்டும், அதுவும் ஓட்டுகிறவன் முகத்துக்கு நேராக இருக்கவேண்டும் என்று சொல்லி, நானே கடை கடையாக விசாரித்து, உடும்புப் பிடியாகப் பிடிக்கிற பசை உள்ளதாக வாங்க வைத்தேன். புதிதாக வந்த காவலாளி பியோவிடம், "யார் வண்டின்னு பாக்காதீங்க. என் வண்டியா இருந்தாலும் ஒட்டுங்க" என்றும் சொல்லிவைத்தேன்.

அந்த ஸ்டிக்கர் கடைசியில் என் மகள் ஹாரமின் கல்யாணத்தின் மேலேயே போய் ஒட்டிக்கொள்ளப் பார்த்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஹாரம் கட்டிக்கொள்ளப்போகிற பையன் கியுஹானின் அப்பாவும் அம்மாவும் எங்களை முதல்முறையாகப் பார்க்க ஆன்டோங் ஊரிலிருந்து வந்திருந்தார்கள். மதியம் உணவு விடுதியில் தனி அறை எடுத்துச் சாப்பிட்டோம். அப்பாவின் பெயர் பாங், கலகலப்பான மனிதர். அம்மாதான் வாயே திறக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, நான் ஊர்க்கதை எல்லாம் சொன்னாலும் "அப்படியா" என்பதோடு சரி. கல்யாணத் தேதி பற்றிப் பேச்செடுத்தபோது "பாக்கலாம்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் ஹாரம் முகம் செத்துப்போயிற்று. வீட்டைப் பார்த்தாலாவது மனசு இளகும் என்று, இஞ்சித் தேநீர் குடிக்க வாருங்கள் என்று கூப்பிட்டேன்.

வந்த இடத்தில் வண்டி நிறுத்த இடமில்லை. என் கணவர் இருக்கிறாரே, அவர் தாராள மனசுக்காரர். தீயணைப்பு வண்டிக்கென்று மஞ்சள் கோடு போட்ட இடத்தைக் காட்டி, "ஒரு டீ குடிக்கிற நேரந்தானே, இங்க விடுங்க" என்றுவிட்டார். நான் அதற்குள் பேரிக்காய் நறுக்க மேலே ஓடியிருந்தேன்.

பழத்தோலைக் கொட்டிவரக் கீழே போன என் கணவர் சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"ஒட்டிட்டாங்க."

"எத?"

"உன் ஸ்டிக்கரத்தான். சம்பந்தி வண்டியில, முன் கண்ணாடியில. சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கிறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். இன்னிக்குத்தான் நேர்ல பாக்கறேன்."

"வாய மூடுங்க. போய் அவங்கள எந்திரிக்க விடாமப் பாத்துக்கோங்க. ஹாரம் சின்ன வயசு போட்டோ எல்லாத்தையும் எடுத்துக் காட்டுங்க."

தலை காயவைக்கும் மெஷினையும் பழக்கத்தியையும் துண்டில் சுற்றிக்கொண்டு கீழே இறங்கினேன். பியோ காவல் அறை வாசலில் நின்றிருந்தார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். அதெல்லாம் அப்போது யாருக்கு ஞாபகம்?

"பியோ ஐயா, கண்ணப் பொடனியிலயா வெச்சிருக்கீங்க? யார் வண்டி தெரியுமா அது? என் பொண்ணு வாழ்க்கைங்க."

அவர் தொப்பியைக் கழற்றினார். "நீங்கதானேம்மா சொன்னீங்க, யார் வண்டின்னு பாக்காதீங்கன்னு."

"சொன்னா, கொஞ்சமாவது புத்தியோட செய்ய வேணாமா? இதுக்குத்தான் உங்களுக்குச் சம்பளமா? நாளையிலிருந்து இங்க இருக்கணுமா வேணாமான்னு யோசிச்சுக்கோங்க."

அவர் உள்ளே போய் நீள வயர் ஒன்றைச் செருகி இழுத்துக்கொண்டு வந்து, வண்டிக்குப் பக்கத்தில் வைத்தார். நான் மெஷினை அதில் மாட்டினேன்.

உள்ளங்கை அகலத்துக்கு, சிவப்பு எழுத்தோடு, சுருக்கம் விழாமல் ஒட்டியிருந்தார். மனிதர் வேலையில் குறை சொல்ல முடியாது. அவசரத்தில் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். மேல்தாள் மட்டும் கிழிந்து கையோடு வந்தது. அடித்தாள் சொறி பிடித்த மாதிரி வெள்ளையாகக் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. இருந்ததைவிட அசிங்கம். கத்தியை எடுத்தேன்.

"சம்பந்தியம்மா, கத்தியக் கீழ வைங்க."

பின்னால் பாங் நின்றுகொண்டிருந்தார். எங்களுக்குக் கொண்டுவந்த உப்புக் கானாங்கெளுத்தி மீன் பெட்டியை வண்டியிலேயே மறந்துவிட்டு எடுக்க வந்திருக்கிறார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் கோட்டைக் கழற்றிப் பின் சீட்டில் போட்டுவிட்டுச் சட்டைக் கையை மடித்தார்.

"ஒரு கீறல் விழுந்தா, எதிர் வெளிச்சம் படும்போதெல்லாம் கண்ணக் குத்தும். கத்தியே ஆகாது. சூடு காட்டுங்க. ஒரே எடத்துல வேணாம், கண்ணாடி விரிஞ்சிரும். சட்டைக்கு இஸ்திரி போடற மாதிரி நகத்திக்கிட்டே இருங்க."

வண்டிக் கதவிலிருந்து கை சுத்தம் செய்கிற ஜெல்லை எடுத்தார். நனைத்துப் பிழிந்த காகிதத் துண்டை ஸ்டிக்கர்மேல் விரித்து, அதன்மேல் ஜெல்லைத் தாராளமாகப் பூசினார். பெயிண்டில் வழியாமல் கீழே என் துண்டை மடித்து வைத்தார்.

"இப்ப சும்மா இருக்கணும். இதுதான் கஷ்டம். பாதிப் பேரு இந்த எடத்துலதான் கெடுத்துக்கறது."

சும்மா இருப்பது எனக்குப் பிறவியிலேயே வராத வேலை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பிறகு பாங் பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றைச் சாய்த்துப் பிடித்து, ஒரு ஓரத்திலிருந்து மெதுவாகத் தள்ளினார். ஊறின தாள் பால் ஆடை மாதிரி சுருண்டு வந்தது.

"உங்களுக்கு எப்படிங்க இவ்வளவு தெரியும்?"

"எங்க கட்டடத்துக்கு என் வீட்டுக்காரிதான் பிரதிநிதி. என் வண்டிக்கே எத்தன தடவ ஒட்ட வெச்சிருக்கான்னு கணக்கே இல்ல. ஒரு நாள் சக்கரம் கோட்டுக்கு வெளிய இருந்துச்சாம். ஒரு விரக்கடை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலையிலிருந்து முதல் சிரிப்பு. அது முடிவதற்குள் பின்னாலிருந்து குரல் கேட்டது.

"மீன் எடுக்கப் போன மனுஷன் மீன் பிடிக்கவே போயிட்டாரோன்னு பாத்தேன்."

கியுஹானின் அம்மா. வீட்டுச் செருப்போடு வந்திருந்தார். மஞ்சள் கோட்டைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், கடைசியில் கணவரைப் பார்த்தார். பாதி ஸ்டிக்கர் இன்னும் போகவில்லை. மறைக்க ஒன்றுமில்லை. எல்லாம் போச்சு என்று நினைத்தேன். ஹாரம் முகம்தான் கண்ணுக்குள் நின்றது.

அவர் கிட்டே வந்து மிச்சப் பசையை விரலால் தொட்டு இழுத்துப் பார்த்தார்.

"இத யாரு வாங்கினது?"

"நான்தாங்க."

"எந்தக் கடையில? எங்களது மழை பெஞ்சா தானா விழுந்துருது."

கடைப் பேரைச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

"விருந்தாளி வண்டின்னு காவலாளிக்குத் தெரியாதா?"

"யார் வண்டின்னு பாக்க வேணாம்னு நான்தான் சொல்லியிருக்கேன்."

அந்த அம்மா முதல்முறையாகச் சிரித்தார். "அதச் சொல்லுங்க. எங்க ஊர்லயும் ரூல் பேசறவங்க இருக்காங்க. தனக்கு வேண்டியவங்க வண்டியில ஒட்டிட்டா போதும், நேராப் போய்க் காவலாளி மேல பாய்வாங்க. எனக்கு அந்த மாதிரி ஆளுங்களக் கண்டா மட்டும் ஆகவே ஆகாது."

அவர் அதோடு விடவில்லை. வயரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த பியோவின் பக்கம் திரும்பினார்.

"ஏங்க ஐயா, எங்க வண்டியில ஒட்டினதுக்கு சம்பந்தியம்மா உங்கள ஏதாவது சொன்னாங்களா?"

பியோ என்னைப் பார்த்தார். உள்ளதைச் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருக்க முடியும்? அவர் சொல்வதில் ஒரு எழுத்துகூடப் பொய்யாக இருந்திருக்காது.

"சொன்னாங்கம்மா" என்றார்.

நான் மஞ்சள் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வேலைய ஒழுங்கா செஞ்சிருக்கீங்கன்னு சொன்னாங்க."

அந்த அம்மா அவருக்குக் குனிந்து வணக்கம் சொன்னார். "தப்பான எடத்துல விட்டது நாங்க. மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். பிறகு கணவர் கையிலிருந்த அட்டையைப் பிடுங்கி, "நீங்க தள்ளற லட்சணத்துக்கு விடிஞ்சிரும்" என்று மிச்சத்தைத் தானே தள்ள ஆரம்பித்தார். தள்ளிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

"ஏப்ரல்ல வெச்சுக்கலாமா?"

"எதங்க?"

"கல்யாணத்தத்தான்."

எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. அதே நேரத்தில் பியோவின் முகத்தைப் பார்க்கக் கூசியது. இரண்டும் ஒன்றாக வருமென்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

கடைசியில் ஒட்டிய பிசுக்கை டேப்பால் தொட்டுத் தொட்டு எடுத்து, ஈரத்துணியால் துடைத்தார்கள். பாங் கன்னத்தைக் கண்ணாடிப் பக்கம் சாய்த்துப் பார்த்து, ஒரு கீறல் இல்லை என்றார். இரண்டு பேரும் மீன் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, சண்டை போட்டபடியே மேலே போனார்கள்.

நான் பின்தங்கினேன். பியோ வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சம்பந்திக்கே அவ்வளவு குனிந்திருக்க மாட்டேன், அவருக்குக் குனிந்தேன்.

"பியோ ஐயா, நான் பேசினது தப்பு. நீங்க மட்டும் இல்லேன்னா..."

"அது கெடக்கட்டும்மா" என்றார் அவர். "மொதல்ல அந்த வண்டிய எடுக்கச் சொல்லுங்க. இன்னும் மஞ்சக் கோட்டுலதான் நிக்குது. இன்னொண்ணு ஒட்டும்படி ஆயிரும்."