காப்பிக்கு அழைத்தார்கள்

"விடுடீ, கை வலிக்குது!"

கட்டிலின் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டு ஓபல் அலறினார். பற்றிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தவள் அவர் பெற்ற மகள் மார்லா. வாசலில், சக்கர நாற்காலியோடு லோர்னா நின்றிருந்தாள்.

"பெத்த பொண்ணு சொன்னா கேப்பாங்கன்னுதான் உன்னைக் கூப்பிட்டேன். நீயே இப்படித் திணறுறியே?"

மார்லா கையை எடுத்துவிட்டாள். தாயின் நகங்கள் நீலம் பாரித்திருந்தன. மருத்துவர் நேற்றே உதட்டைப் பிதுக்கிவிட்டார். ஆனால், பயிற்சியை நிறுத்தும் உத்தரவு மட்டும் இன்னும் வந்தபாடில்லை. அது வரும்வரை ஓபல் நடக்க வேண்டியவர். நடந்தால்தான் பயிற்சி தரும் நிறுவனத்துக்குக் காப்பீட்டுப் பணம் வரும்.

அந்த முதியோர் இல்லத்தில் இயன்முறைப் பயிற்சியைக் குத்தகைக்கு எடுத்திருந்த நிறுவனத்தில் மார்லா நெடுநாள் ஊழியர், லோர்னா மேற்பார்வையாளர். முதியவர் ஒருவர் "வேண்டாம்" என்றால் அதை மறுப்பாகக் கொள்வது அங்கே வழக்கமில்லை. வேறு முகத்தோடும் வேறு பேச்சோடும் மறுபடி போக வேண்டும்.

லோர்னாவும் முகத்தை மாற்றிக்கொண்டாள். குரலில் தேன் வழிந்தது.

"சரி ஓபல் அம்மா, பயிற்சியே வேண்டாம். வாங்க, சும்மா ஒரு காப்பி குடிச்சிட்டு வரலாம்."

கம்பியைப் பற்றியிருந்த கை தானாகத் தளர்ந்தது. நெடுஞ்சாலை உணவகத்தில் ஆயுள் முழுதும் காப்பி ஊற்றிக் கொடுத்தவர் ஓபல்.

"இங்க போடறது காப்பியா? பாத்திரம் கழுவுன தண்ணி! எங்க கடையில இப்படி ஊத்தியிருந்தா, லாரிக்காரன் என் மூஞ்சியிலயே வீசியிருப்பான். சரி, வா, போலாம்."

காப்பிக்கென்று கிளம்பும் நாற்காலி உணவுக்கூடத்துக்குப் போகாது. பிடித்து நடக்கப் பழக்கும் கம்பிகள் உள்ள பயிற்சி அறைக்குத்தான் போகும். புதிதாக வேலைக்கு வருவோருக்கு இந்த உபாயத்தைக் கற்றுக்கொடுத்ததே மார்லாதான்.

"அம்மா இங்கயே குடிக்கட்டும்" என்றாள். நாற்காலியை நடைவழிக்குத் தள்ளிவிட்டுத் தன் குடுவையிலிருந்த காப்பியைக் கோப்பையில் ஊற்றினாள்.

"மாசக் கடைசியில வேற கம்பெனி வருது, மார்லா. யாரை வச்சுக்கலாம், யாரை அனுப்பலாம்னு என்னைத்தான் கேப்பாங்க." லோர்னா அதட்டவில்லை, வானிலை சொல்பவளைப் போலச் சொன்னாள்.

ஓபல் இரண்டு கைகளாலும் கோப்பையை ஏந்தினார். அது நடுங்கி நடுங்கி உதட்டை நோக்கி உயர்ந்தது. லோர்னாவின் கண்கள் மின்னின. கக்கத்தில் இருந்த கைக்கணினியை எடுத்தாள்.

"அட, பாரேன்! பிடி இருக்கு, தோள் வேலை செய்யுது. இதையே இன்னிக்குப் பயிற்சின்னு எழுதிடறேன். நீயும் தப்பிச்சே, நானும் தப்பிச்சேன்."

மார்லா ஒரு கணம் தயங்கினாள். வேலையும் நிலைக்கும், தாயும் படுக்கையிலேயே கிடப்பார். ஆனால் இன்றைக்கு மட்டும்தான். கோப்பையைத் தூக்கியவர் ஏட்டில் தேறிவருபவர் ஆவார். தேறிவருபவரை நாளை எழுப்பி நிறுத்துவார்கள்.

தாயின் கையிலிருந்து கோப்பையை மெல்ல வாங்கினாள். அந்தக் கைகளைப் போர்வைக்குள் வைத்து மூடினாள். பிறகு கோப்பையைத் தானே தாயின் உதட்டருகே கொண்டுபோனாள்.

"அம்மா தூக்கல, லோர்னா. நான் தூக்குறேன். அப்படியே எழுது."

லோர்னா கைக்கணினியில் எதையோ தட்டிவிட்டு, நடைவழியில் நின்ற நாற்காலியை நோக்கிப் போனாள்.

"ஆறிப்போச்சுடி" என்றார் ஓபல். ஆனாலும் அடுத்த மடக்குக்கு வாயைத் திறந்தார்.

நடைவழியில் சக்கரங்கள் கிறீச்சிட்டு நகர்ந்து, அடுத்த அறை வாசலில் நின்றன.

"என்ன தாத்தா, ஒரு காப்பி குடிச்சிட்டு வரலாமா?"

"ஓ, போலாமே!" என்று ஒரு கிழவர் குதூகலத்தோடு சொல்வது கேட்டது.