பின்னால் தள்ளுகிறவர்கள்

விடிவதற்கு முன்பே முழங்காலில் நிற்க வேண்டிய வேலை அது. பனியில் சில்லிட்டுக் கிடந்த இரும்புத் தண்டை விமானத்தின் மூக்குச் சக்கரத்தில் மாட்டுவதற்குள் டிராக்டர்க்காரியின் விரல்கள் மரத்துப்போயின. தலைக்கு மேலே விமானத்தின் வயிற்றுக்குள் பெட்டி அண்ணன் குனிந்தபடி சரக்கை இழுத்து அடுக்கிக்கொண்டிருந்தார். அங்கே ஒரு மனிதன் நிமிர்ந்து நிற்க முடியாது. வருஷக்கணக்காகக் குனிந்து குனிந்து, வெளியே வந்த பிறகும் அவர் பாதி குனிந்தேதான் நடப்பார். எரிபொருள் நாற்றம் தொண்டையில் கசந்தது.

விமானம் என்றதும் எல்லாருக்கும் அது பறப்பதுதான் ஞாபகம் வரும். மலையைத் தாண்டும், கடலைத் தாண்டும், ஆனால் நிற்கிற இடத்தை விட்டுத் தானாகப் பின்னால் நகர அதற்குத் துப்பில்லை. ஒருத்தர் டிராக்டரை மாட்டித் தள்ளிவிட வேண்டும். தள்ளுகிறவள் இவள். சின்ன கம்பெனி என்பதால் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு மேலே இருக்கிற பைலட்டோடு பேசுவதும் இவள்தான்.

"தள்ளலாம்" என்று மேலேயிருந்து தலைமை பைலட்டின் குரல் வந்தது.

"பிரேக்கை விடுங்க சார். தள்றேன்."

சக்கரத்துக்குக் கட்டை வைத்து எடுக்கிறவன் கட்டைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினான். ஆள் பனைமரம் மாதிரி இருந்தாலும் அவனுக்குப் பெயர் கட்டைதான். எதிரே இரண்டு கையிலும் விளக்குக் கம்புகளோடு சோக்கு வழிகாட்டி நின்றான். தார் படிகிற வேலைக்கும் இஸ்திரி போட்ட சட்டையில் வருகிறவனை வேறு எப்படிக் கூப்பிடுவது?

டிராக்டர்க்காரிக்குப் பைலட் ஆசை வந்தது வானத்தைப் பார்த்து அல்ல, கம்பெனியின் வாக்கைக் கேட்டு. போன சம்பளப் பேச்சில் முதலாளி சாமர்த்தியமாக ஒரு பேரம் பேசினார். சம்பள உயர்வு கேட்காதீர்கள், பதிலுக்கு வருஷத்துக்கு ஒரு தரைவேலைக்காரரைக் கம்பெனியே பைலட் படிப்புக்கு அனுப்பும், தேர்வில் முதலில் வருகிறவருக்கே இடம், திறமை ஒன்றுதான் அளவுகோல் என்றார். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாழ்கிறவர்கள் அந்தப் பேச்சுக்கு உயர்வை விட்டுக்கொடுத்தார்கள். நம்மில் ஒருத்தர் மேலே போய் உட்கார்ந்தால் போதும் என்று அவர்களுக்கு ஓர் அற்ப ஆசை.

தேர்வுக்குப் படித்தவர்கள் அவளும் சோக்கும். மதியத்தில் இரண்டு விமானங்களுக்கு நடுவே கிடைக்கிற இடைவெளியில் தள்ளுவண்டிக் கொட்டகைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து காற்றையும் மேகத்தையும் உருப்போடுவார்கள். அந்த நேரத்தில் அவர்கள் பங்கு வேலையை மற்ற மூன்று பேரும் இழுத்துப்போட்டுச் செய்தார்கள். விமானத்தைக் கூட்டித் துடைக்கிற அக்கா, தன் வேலை முடிந்த கையோடு இவளுக்குப் பதில் டிராக்டரைக் கழுவித் துடைப்பாள். "போய்ப் படிங்கடா. நாங்க பாத்துக்கறோம்" என்று கட்டை விரட்டுவான்.

வீட்டில் பஸ் மெக்கானிக்கான அவள் புருஷன், பகலில் அவள் தூங்கட்டும் என்று ஜன்னலில் அட்டையை ஒட்டி இருட்டாக்கிக் கொடுத்தான். "நீ பைலட்டானா என்னையும் கூட ஏத்திக்கோ. மேல பழுதானா இறங்கித் தள்ள முடியாதுல்ல" என்பான். கிரீஸ் படிந்த விரலால் அவள் புத்தகத்தைத் தொட மாட்டான். பக்கத்தை அவளே திருப்ப வேண்டும்.

இடையில் சோக்கு மாலை வேளைகளில் தலைமை பைலட்டோடு பந்தாடப் போக ஆரம்பித்தான். காரைத் துடைத்தான், அவர் மனைவிக்கு மளிகை வாங்கிக் கொடுத்தான். "என்னப்பா, காக்கா பிடிக்கிறியா?" என்று கட்டை கிண்டல் செய்தான்.

"படிப்பு வாசல்படி வரைக்கும்தான் கொண்டுபோய் விடும். உள்ள இருந்து ஒருத்தர் கதவைத் தெறக்கணும்" என்றான் சோக்கு. டிராக்டர்க்காரி பக்கம் திரும்பி, "அக்கா, நீயும் வா. நான் அறிமுகம் பண்ணி வைக்கறேன்" என்றான்.

"எனக்குப் பந்தும் வராது, பல்லிளிக்கவும் வராது" என்று சிரித்தாள் அவள். அந்தச் சிரிப்பை நினைத்துப் பின்னால் அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

தேர்வில் அவள்தான் முதல். சோக்கு அவளுக்கு ரொம்பப் பின்னால் இருந்தான். முதலாளி அறைக்குக் கூப்பிட்டார்கள். தலைமை பைலட் ஜன்னலோரம் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"மார்க்கெல்லாம் சரிம்மா" என்றார் முதலாளி. "மார்க்கு மட்டும் விமானத்தை ஓட்டுமா? நாலு பேருக்கு உன்னைத் தெரிஞ்சிருக்கணும். இவருக்கே உன்னை யாருன்னு தெரியல."

"தினமும் காலையில என் குரலைக் கேட்டுத்தான் சார் கிளம்பறார்."

தலைமை பைலட் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "ஓ, அது நீதானா?"

"இன்னொண்ணு" என்றார் முதலாளி. "வேலை நேரத்துல கொட்டகைக்குப் பின்னால உக்காந்து படிச்சிருக்க. என் சம்பளத்தை வாங்கிட்டு என்னையே ஏமாத்தியிருக்க. அப்படிப்பட்ட ஆள்கிட்ட எப்படிம்மா நான் உயிர்களை ஒப்படைக்கறது? இடம் சோக்குக்குத்தான்."

கொட்டகை விஷயம் ஐந்து பேருக்கு மட்டுமே தெரியும். "யார் சொன்னது?" என்றாள்.

"அந்தப் பையன்தான், பேச்சுவாக்குல" என்றார் தலைமை பைலட். காபி ஆறிவிட்டதா என்று பார்த்துக்கொண்டே சொன்னார்.

சோக்கைக் கொட்டகையில் பிடித்தாள். அவனே வெளுத்துப்போய்த்தான் இருந்தான்.

"நான் போட்டுக்குடுக்கலக்கா. சத்தியமா. உனக்கு இவ்வளவு மார்க்கு எப்படி வந்துச்சுன்னு ஆச்சரியப்பட்டுக் கேட்டாங்க. கூட்டாளிங்க வேலையைப் பாத்துக்கிட்டாங்க, அக்கா இங்க உக்காந்து படிச்சாங்கன்னு பெருமையாத்தான் சொன்னேன்."

"உன் வேலையையும்தானே பாத்தாங்க. உன் பக்கத்துலதானே நானும் உக்காந்திருந்தேன். அதைச் சொன்னியா?"

அவன் இஸ்திரி மடிப்பு கலையாத சட்டையின் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றான். கூடப் பிறந்த தம்பி கழுத்தை அறுத்த மாதிரி இருந்தது அவளுக்கு. வேண்டாதவன் செய்திருந்தால் வைதுவிட்டுப் போயிருக்கலாம். இவன் இவளுடைய சாப்பாட்டு டப்பாவிலிருந்து சாப்பிட்டவன். புரியாத பாடத்தை இவளிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டவன்.

விஷயம் அதோடு நிற்கவில்லை. மறுநாள் முதலாளியே சரக்கு அறைக்கு வந்து நின்றார். அவருடைய செருப்பில் அந்த அறையின் தூசி படிந்ததை அன்றுதான் பார்த்தார்கள்.

"அவ உங்களை ஏமாத்தி வேலை வாங்கினான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அவளை மட்டும் வெளிய அனுப்பிடறேன். இல்லன்னா, நீங்களும் கூட்டுன்னுதான் அர்த்தம். எல்லார் சம்பளத்துலயும் வெட்டு விழும்."

பெட்டி அண்ணனுக்கு வீட்டில் படுத்த படுக்கையாக அம்மா. அவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அவர் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தை வந்துவிடும் என்று அவள் பயந்தாள். வந்தாலும் தப்பு சொல்ல முடியாது.

"அவ ஏமாத்தலங்க" என்றார் அவர். "நாங்கதான் படின்னு சொன்னோம். அதுக்காக எந்த விமானமும் ஒரு நாள்கூட லேட்டாகல."

"நியாயம் பேசறியா?"

"நீங்க திறமைன்னு பேசினீங்க. நாங்க நம்பினோம். அதுல யார் யாரை ஏமாத்தினாங்கன்னு நீங்களே சொல்லுங்க."

முதலாளியின் முகம் கடுகடுத்தது. "அப்ப எல்லாருக்கும் வெட்டுதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவள் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து அழுதாள். "நான் போயிடறேன். என்னால உங்க அடுப்புல மண்ணு விழ வேணாம்."

"அடி போடி இவளே" என்று அக்கா துடைப்பத்தைக் கீழே போட்டாள். "உனக்காகன்னு யாரு சொன்னா? எங்க சம்பள உயர்வை வித்து வாங்கின சீட்டுடி அது. வருஷாவருஷம் ஒருத்தர் போகணும்னு வாங்கினது. அதைத் தூக்கிப் பந்தாட்டக்காரனுக்குக் குடுத்துட்டு, நம்மளையே திருடன்னு சொல்றாங்க. நீ போயிட்டா அது நெசம்னு ஆயிடாதா?"

"பயணிங்க ஏறின விமானத்தைத் தொட வேணாம். அவங்க பாவம்" என்றான் கட்டை. "விடிகாலை சரக்கு விமானம் இருக்கில்ல. அதைத் தள்ளாம நிப்போம்."

அடுத்த நாள் விடிகாலையும் பனி கொட்டியது. சரக்கை ஒழுங்காக ஏற்றினார்கள். உள்ளே கூட்டித் துடைத்தார்கள். ஒரு குறை வைக்கவில்லை. மேலே கண்ணாடிக்குப் பின்னால் தலைமை பைலட் உட்கார்ந்திருந்தார், அவருக்குப் பின்னால் வேலை பார்த்துப் பழகுவதற்காகப் புது வெள்ளைச் சட்டையில் சோக்கு. விமானத்தின் வயிற்றுக்கடியில் சிவப்பு விளக்கு சுழல ஆரம்பித்தது. புறப்படப் போகிறோம் என்று அதற்கு அர்த்தம்.

"தள்ளலாம்" என்றது குரல்.

டிராக்டர்க்காரி இரும்புத் தண்டைக் கழற்றித் தரையில் வைத்தாள். டிராக்டரின் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டாள். ஹெட்செட்டைக் கழற்றாமல் விமானத்தின் மூக்குக்கு எதிரே வந்து நின்றாள்.

"என்ன ஆச்சு? தள்ளலாம்னு சொன்னேன்."

"தள்ள முடியாது சார்."

"யார் பேசறது?"

"தெரியாதுன்னு சொன்னீங்களே, அவதான் பேசறேன்." பெட்டி அண்ணன் ஒரு பக்கம் வந்து நின்றார். கட்டை, கட்டைகளைச் சக்கரத்திலேயே விட்டுவிட்டு மறுபக்கம் வந்தான். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே அக்கா வந்தாள். நால்வரும் கை கட்டி நின்றார்கள். "நாலு பேருக்கு என்னைத் தெரிஞ்சிருக்கணும்னு முதலாளி சொன்னாருங்க. அந்த நாலு பேரு நாங்கதான். இனிமே உங்களுக்கு எங்களைத் தெரியணும். கொஞ்சம் கீழ பாருங்க" என்றாள் அவள்.

கண்ணாடிக்குப் பின்னால் சோக்கு எழுந்து பார்த்தான். கட்டிய கைக்கு வேலையை நிறுத்திவிட்டோம் என்று அர்த்தம். அவர்களோடு வேலை பார்த்தவன் என்பதால் அந்த விமானத்துக்குள் அவன் ஒருவனுக்குத்தான் அது உடனே புரிந்திருக்கும். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பக்கத்து விமானத்துக்கு எரிபொருள் ஊற்றிக்கொண்டிருந்த லாரிக்காரர் வேலையை முடித்துவிட்டு, இவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றார். பிறகு கையுறையைக் கழற்றிக்கொண்டே நடந்து வந்து, ஒன்றும் கேட்காமல் பெட்டி அண்ணனுக்குப் பக்கத்தில் கை கட்டி நின்றார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்துகொண்டிருந்தார்கள்.

வாசல் பக்கம் முதலாளியின் கார் ஹாரன் அடித்துக்கொண்டே உள்ளே நுழைந்தது. இனி என்னவெல்லாம் நடக்குமோ, யார் கண்டது. அக்கா அவள் கையைத் தேடிப் பிடித்தாள்.

சுழன்றுகொண்டிருந்த சிவப்பு விளக்கு அணைந்தது. பெட்டி அண்ணன் முதுகை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.