வெட்டுப்படாத மேலங்கி

உம்பிரியா மலையூரில் எங்கள் கன்னியர் மடத்து வாசற்கதவை நாற்பது வருஷம் திறந்து மூடிவிட்டு இப்போதுதான் ஓய்ந்திருக்கிறேன். இனி உள்ளதைச் சொல்லலாம். எனக்கு என்னோடு மடத்திலிருந்த கன்னி தியமாந்தே மேல் பொறாமை. இங்குள்ள மலைகளையெல்லாம் எதிர்த்தட்டில் ஏற்றினாலும் என் பொறாமைத் தட்டுதான் தாழும்.

அவளுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. ஊரே அவளைப் புனிதவதி என்றது. பூசை முடிந்து அவள் வெளியே வந்தால் பெண்கள் கத்தரியோடு சூழ்ந்துகொள்வார்கள். அவளுடைய கறுப்பு மேலங்கியில் ஒரு துண்டை வெட்டிப்போய்க் காய்ச்சல்காரர் தலையணைக்கடியில் வைப்பார்கள். கணுக்கால்வரை இருந்த அங்கி முழங்காலுக்கு ஏறிவிட்டது. நாற்பது நாள் நோன்பை நானூறு நாள் இருந்தவள் நான். என் அங்கியில் ஒரு நூல் குறைந்ததுண்டா?

மெழுகுத்திரித் திருநாளன்று, கோயிலுக்குக் கிளம்பும்போது, என் நீள அங்கியை அவளுக்கு மாட்டிவிட்டு அவளுடைய கந்தலை நான் போட்டுக்கொண்டேன். கந்தலைப் பார்த்தாலாவது கத்தரி என் பக்கம் திரும்பாதா?

ரொட்டி சுடும் வெர்மிலியா வந்தாள். "என்னக்கா பசிஃபிகா, அங்கியைக் கோழி கொத்திருச்சா?"

"வேணும்னா ஒரு துண்டு வெட்டிக்கோயேன்."

"உன்னோடதை எதுக்குக்கா? அடுப்பு துடைக்கவா?"

நேரே தியமாந்தேயிடம் போனாள். கண்ணிமைப்பதற்குள் எழுநூறு கத்தரிகள் என் நீள அங்கியில் விழுந்தன. ஊரில் மொத்தம் அறுபது வீடு.

மடத்துக்குத் திரும்பியதும் தியமாந்தே சொன்னாள்: "உன் அங்கி கதகதன்னு இருந்துச்சு பசிஃபிகா. கொஞ்ச நேரந்தான்."

வாசற்கதவைத் தாழிட்டேன். "என்னோடதுன்னு எப்படித் தெரியும்?"

"வெங்காய வாசனை. அப்புறம் கால்ல தட்டுச்சு. என்னோடது கால்ல தட்டி ஆறு வருஷமாச்சு. இவளோடது மட்டும் முழுசா இருக்கேன்னு குளிர்ல எத்தனை நாள் வயிறெரிஞ்சிருக்கேன் தெரியுமா?"

"இன்னொரு தடவை சொல்லு" என்றேன்.

அவள் சிரித்தாள். கத்தரி கேட்டாள். என் அங்கியில் மிச்சமிருந்ததைத் தடவித் தடவி ஒரு துண்டு வெட்டி மார்புக்குள் செருகிக்கொண்டாள். "இது எனக்கு."

அந்தத் தவக்காலத்திலேயே போய்ச்சேர்ந்தாள். மார்பிலிருந்த துண்டை எடுத்து வெள்ளிப் பேழையில் வைத்துப் பீடத்தில் ஏற்றினார்கள். தியமாந்தேயின் அங்கி என்று பெயர். நான் வாயைத் திறக்கவில்லை.

வருஷந்தோறும் வெர்மிலியா அதற்கு இரண்டு முத்தம் கொடுக்கிறாள். பார்ப்பதற்காகவே அவளுக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறேன். முத்தம் என் துணிக்கு, பெயர் இன்னும் தியமாந்தேக்குத்தான். என் முறை வரும்போது குனிந்து ஒருமுறை மோந்து பார்த்துக்கொள்கிறேன். வெங்காயம் போகவில்லை.