ஏழாம் வண்டியின் பழுது

அக்டோபர் பதினேழு, வியாழக்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடம். காலையில் பெய்த மழை விட்டிருந்தது; தண்டவாளத்தின் மேற்புறம் காய்ந்து மின்ன, பக்கங்களில் மட்டும் ஈரம் மிச்சமிருந்தது. நடைமேடையில் ஆள் நடமாட்டம் ஓய்ந்துவிட்டதை ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொண்டு, அவள் ஏழாம் எண் வண்டியின் இருக்கைக் கம்பியில் சிவப்புத் துணியைக் கட்டினாள். சிவப்புத் துணி கட்டிய வண்டி பழுதான வண்டி. அதை இன்னொரு வண்டியோடு இணைத்து இழுத்துச் செல்லலாம். துணி கட்டாத வண்டியை எதனோடும் இணைக்கக் கூடாது என்பது அந்தப் பாதையின் விதி. ஏழாம் வண்டியில் எந்தப் பழுதும் இல்லை.

ரயில்கள் கைவிட்ட பாதை அது. ஒரு நிறுவனம் அதைக் குத்தகைக்கு எடுத்து, இரும்புச் சக்கரமும் சைக்கிள் பெடலும் பொருத்திய ஈரிருக்கை வண்டிகளை அதில் ஓடவிட்டிருந்தது. வருகிறவர்கள் நிலையத்திலிருந்து ஆற்றுப் பாலம் வரை மிதித்துப் போய், பாலத்தில் படம் எடுத்துக்கொண்டு, மிதித்தே திரும்ப வேண்டும். போகும்போது இருக்கிற உற்சாகத்தில் பாதிகூடத் திரும்பும்போது இருப்பதில்லை. நடுவழியில் செயின் கழன்று நின்றவர்களையும், தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டவர்களையும், ‘நீயே மிதி’ என்று கோபித்துக்கொண்டு இறங்கி நடந்தவர்கள் விட்டுப்போன வண்டிகளையும் தன் வண்டியில் கோத்து இழுத்து வருவது அவள் வேலை. பாலத்தருகே உள்ள கொட்டகையில் அவற்றைப் பழுது பார்ப்பது அவளுடைய கணவரின் வேலையாக இருந்தது. எல்லோருக்கும் அவர் ஃபிட்டர். கோபம் வந்தால் அவளுக்கும் ஃபிட்டர்தான். பக்கவாதம் அவருடைய வலது கையையும் வலது காலையும் பேச்சையும் ஒரே காலைப்பொழுதில் எடுத்துக்கொண்ட பிறகு, அந்த இடத்துக்கு நிறுவனம் ஆள் போடவில்லை. செயின் மாட்டவும் பிரேக் கட்டை மாற்றவும் அவளே பழகிக்கொண்டாள். ஆகவே, ஒரு வண்டி பழுது என்று அவள் சொன்னால் பழுது. சரியாகிவிட்டது என்றால் சரியாகிவிட்டது.

பேச்சில் அவரிடம் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு சொல். பசிக்கிறதா என்றாலும் ‘ஆமா’. பசிக்கவில்லையா என்றாலும் ‘ஆமா’. கூடவே இருக்கும் அவருடைய தங்கை, கூலிக்கு வாங்கி வந்த சட்டைகளில் பொத்தான் தைத்துக்கொண்டே, “கல்யாணம் ஆன நாள்லேருந்து அண்ணன் உங்ககிட்ட வேற என்ன பேசியிருக்காரு அண்ணி? புதுசா ஒண்ணும் ஆயிடல” என்று சொல்வாள். தொடக்கத்தில் அதற்கு இருவரும் சிரித்தார்கள். பிறகு சொல்லாமல் விட்டால்தான் வீடு வெறிச்சோடியது.

நடைமேடையின் விளிம்பும் வண்டியின் இருக்கையும் ஒரே உயரம். அவருடைய சக்கர நாற்காலிக்கும் இருக்கைக்கும் இடையே ஒரு பலகையைப் போட்டு, அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி வலப்பக்க இருக்கையில் அமர்த்தினாள். இடது காலைக் குறுக்குக் கம்பியின் மேல் தூக்கி வைத்தாள். அது சொன்ன பேச்சைக் கேட்கிற கால். வலது பாதத்தைப் பெடலில் பொருத்தி வாரால் இறுக்கினாள். வண்டியின் முன்பக்கத் தகட்டில், ‘இழுக்கும்போது கால்களைப் பெடலில் வைக்காதீர்கள்’ என்று வெள்ளைப் பெயிண்டில், ஃபிட்டரின் கையெழுத்திலேயே எழுதியிருந்தது. மற்ற வண்டிகளில் அப்படி எழுதத் தேவை இருக்கவில்லை. அவற்றில் ஃப்ரீவீல் உண்டு. இழுத்தால் சக்கரம் சுற்றும், பெடல் சும்மா நிற்கும். ஏழு பழைய வண்டி. அதில் சக்கரம் உருண்டால் பெடலும் உருண்டே தீரும். மற்ற எல்லா வண்டிகளையும் மாற்றிய ஃபிட்டர், இதை மட்டும் ‘பாத்துக்கலாம், பாத்துக்கலாம்’ என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். எதற்காக என்று இனிக் கேட்டால் கிடைக்கப்போகும் பதில் அவளுக்குத் தெரியும்.

மடக்கி நீட்டாத முழங்கால் இறுகிப்போகும் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். காலையும் இரவும் அவள் கையால் மடக்கி நீட்டத்தான் செய்தாள். துருப்பிடித்த கதவைப்போல அந்தக் கால் அவளை எதிர்த்தது. நள்ளிரவில் தானாகவே விறைத்துத் துடிக்கும். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு “ஆமா, ஆமா” என்பார். ஏழாம் வண்டியில் பாலம் வரை போய்த் திரும்பிய இரவுகளில் மட்டும் அது அடங்கியிருந்தது. கால் தூங்கினால் அவர் தூங்குவார். அவர் தூங்கினால் வீடு தூங்கும். அதற்காகத்தான் வியாழக்கிழமைதோறும் ஏழாம் வண்டி பழுதாயிற்று.

இரண்டு வண்டிகளையும் இணைப்பது ஓர் இரும்புக் கம்பி. இரு முனைகளிலும் துளை, துளைக்குள் ஆணி. துளை ஆணியைவிடச் சற்றுப் பெரியது. முன்வண்டி இழுத்துக்கொண்டிருக்கும்வரை ஆணி ஒரு பக்கமாக ஒட்டிச் சத்தமின்றி இருக்கும். பின்வண்டி நெருங்கி வந்தால் கம்பி தளர்ந்து, ஆணி துளைக்குள் கடகடவென்று ஆடும். இறக்கத்தில் அப்படி ஆடும்போது பின்வண்டிதான் முதலில் பிரேக் போட வேண்டும். இல்லையென்றால் அது முன்வண்டியின் முதுகில் ஏறிவிடும். “பிரேக்!” என்று அவள் திரும்பாமலே குரல் கொடுப்பாள். ஃபிட்டரின் இடது கை பிடியை இழுக்கும். ஒருநாளும் தவறியதில்லை. வீட்டில் தண்ணீர் டம்ளரைக் கேட்டால் சீப்பை எடுத்து நீட்டுகிற கை அது.

மண்மேட்டை வெட்டிப் பாதை போட்ட இடத்தில் ஏற்றம் தொடங்கும். அங்கே அவளுக்குத் தொடை எரியும். மூச்சு வாய்க்கு வரும். ஆணி வாயைத் திறக்காது. அன்றைக்கு அந்த ஏற்றத்தின் நடுவில் ஆணி ஆடியது. கட, கட, கட. பிறகு அடங்கியது.

அவள் திரும்பிப் பார்த்தாள். ஃபிட்டர் சரிவில் முளைத்திருந்த ஏதோ ஒரு செடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது கால் பெடலோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, இத்தனை காலமும் ஏறி இறங்கியதைப் போலவே.

“நீங்களா?”

“ஆமா.”

அன்றிரவு அவர் தூங்கினார். அவள் தூங்கவில்லை. மறுநாள் காலையில் நாத்தனாரிடம் சொன்னபோது, அவள் ஊசியில் நூல் கோப்பதை நிறுத்தவில்லை.

“உங்களுக்குக் கேட்டுச்சா அண்ணி, இல்ல கேக்கணும்னு கேட்டுச்சா?”

“இரும்பு என் ஆசைக்கெல்லாம் சத்தம் போடாதுடி. மேட்டுல பின்வண்டி முன்னால வருதுன்னா, பின்னால இருக்கிற ஆள் மிதிச்சிருக்கணும்.”

“இல்லேன்னா முன்னால இருக்கிற ஆள் ஓஞ்சிருக்கணும். நீங்க அரை நொடி மிதிக்காம விட்டாலும் வண்டி வந்து இடிக்கும்ல?”

இடிக்கும். அது அவளுக்குத் தெரியாததில்லை. அந்த ஏற்றத்தில் தன் கால் தளர்ந்ததா என்று அவள் இரவெல்லாம் யோசித்துப் பார்த்திருந்தாள். தளர்ந்திருக்கலாம், எல்லா வாரமும் தளரத்தான் செய்கிறது. அவர் மிதித்தாரா, அவள் விட்டாளா என்பதைச் சொல்லக்கூடியவர் ஒருவர்தான். அவர் எதைக் கேட்டாலும் ஒப்புக்கொள்வார்.

“அடுத்த வியாழன் நானும் வரேன்,” என்றாள் நாத்தனார், நூலைப் பல்லால் கடித்து அறுத்தபடி. “அண்ணன் பக்கத்துல உக்காந்து தொடை மேல கைய வச்சுக்கிறேன். சதை இறுகுதா இல்லையான்னு கைக்குத் தெரியாமப் போயிடுமா?”

அவ்வளவு எளிய வழி இதுவரை தனக்குத் தோன்றாததில் அவளுக்குச் சற்று வெட்கமாகக்கூட இருந்தது.

திங்கட்கிழமை மேற்பார்வையாளன் அவளை அறைக்குக் கூப்பிட்டான். கழுத்தில் எப்போதும் தொங்கும் விசிலால் அவனுக்கு விசில் என்றே பெயர். அவளைவிட வயதில் சின்னவன், கெட்டவனில்லை. நாற்காலியை அவனே இழுத்துப் போட்டான்.

“அக்கா, உங்களுக்கு ஒரு நல்ல சேதி. ஏழாம் வண்டியக் கழிச்சுக் கட்டச் சொல்லி மேல எழுதியிருந்தேன். ஒத்துக்குவாங்க போல. எத்தனை தடவைதான் அத இழுத்துட்டுப் போவீங்க? வாரம் தவறாம மக்கர் பண்ணுது. போன மாசம் நீங்க பாலத்துலேருந்து திரும்பி வந்தப்ப உங்க முகத்தப் பாத்தேன். அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.”

 “அதுக்குப் பழுதே இல்ல,” என்றாள் அவள்.

“அக்கா?”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சிவப்புத் துணி, பலகை, வார், ஏற்றத்தில் ஆடிய ஆணி. அவன் விசிலை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே கேட்டான். முடித்ததும் எழுந்து போய்க் கதவைச் சாத்தினான்.

“நீங்க இப்பச் சொன்னது எனக்குக் கேக்கல. கேட்டுச்சுன்னா என்ன ஆகும் தெரியுமா? நடக்க முடியாத ஆளை ஏத்தினது, கால வேற கட்டினது, பொய்யா இணைச்சது… உங்க வேலை போயிடும். ஏழும் போயிடும், ஒருநாள் முன்னாடியே.”

“எழுதினத வாபஸ் வாங்க முடியாதா?”

“என்ன காரணம் சொல்றது? நல்ல வண்டிதான்னு எழுதணும். அப்ப இத்தனை நாள் ஏன் இழுத்தீங்கன்னு கேப்பாங்க.” குரலைத் தணித்தான். “புது வண்டி ஒண்ணு தரச் சொல்லியிருக்கேன்.”

“அத இழுத்தா பெடல் சுத்துமா?”

“சுத்தாது. அதுல அதானேக்கா நல்ல விஷயமே.”

ஏழின் அச்சைக் கழற்றி வேறொரு வண்டியில் மாட்டலாமே என்று அன்று மாலை அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. கொட்டகையில் இரண்டின் அச்சையும் அருகருகே வைத்து அளந்து பார்த்தாள். கனம் வேறு, புரி வேறு. எதை எங்கே கடைந்து எப்படிச் சேர்ப்பது என்று தெரிந்த ஒரே ஆளிடம் வீட்டுக்குப் போய்க் கேட்டாள். “இது அதுல உக்காருமா?” ஆமா. “உக்காராதா?” ஆமா. அவருடைய கண் அச்சின் மேலேயே இருந்தது. இடது கை அதை வாங்கி, ஒருமுறை திருப்பி, அவளிடமே கொடுத்தது.

மறுநாள் அவள் அச்சைத் திரும்ப மாட்டிக் கொண்டுவந்து விட்ட ஏழாம் வண்டியை விசில் சங்கிலி போட்டுப் பூட்டினான். பூட்டிவிட்டுச் சாவியைத் தன் மேசையின் மேல் கண்ணில் படும்படி வைத்தான். “கையெழுத்துப் போட்ட முடிவு கைக்கு வர்றவரைக்கும் அது நம்ம வண்டிதான்,” என்றான், எதிரே இருந்த சுவரிடம் சொல்வதுபோல. “வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள்ள வரலேன்னா, நான் அந்தப் பக்கம் திரும்பிப் பாக்கமாட்டேன்.”

புதன்கிழமை வரவில்லை. வியாழக்கிழமை காலையிலும் வரவில்லை. மதியம் ஒரு குடும்பம் மண்மேட்டுக்கு அந்தப் பக்கம் செயின் கழன்று நின்றது; அவள் போய் இழுத்து வந்தாள். ஏற்றத்தில் வேண்டுமென்றே ஒருமுறை காலைத் தளர்த்திப் பார்த்தாள். ஆணி ஆடியது. அன்று கேட்ட அதே சத்தமா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பின்னால் அமர்ந்திருந்த மனிதர், “நாங்களும் மிதிக்கட்டுமாம்மா?” என்று கேட்டார். “சும்மா இருங்க, அதுவே பெரிய உதவி,” என்றாள்.

மாலை நடைமேடை காலியானதும் நாத்தனார் பின்வாசல் வழியாக அண்ணனைத் தள்ளிக்கொண்டு வந்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். “ரயில்ல போறோம்ல,” என்றாள் அண்ணியிடம். அவள் விசிலின் மேசையிலிருந்து சாவியை எடுத்து வந்து சங்கிலியைக் கழற்றினாள். ஆணிகள் துளைகளிலேயே தொங்க, இணைப்புக் கம்பியைக் கொண்டுவந்து, பலகையைப் போடும்வரை இருக்கட்டும் என்று ஃபிட்டரின் தொடைகளின் குறுக்கே வைத்தாள். அவர் இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டார். சிவப்புத் துணியை எடுத்து முடிச்சுப் போடும்போது, விசில் நடைமேடையின் மறுமுனையில் தெரிந்தான். அவன் பின்னால் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் காஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தார்; மற்றவர் தோளில் ரப்பர் குழாய் சுருட்டிக் கிடந்தது.

“தாளும் வந்துருச்சு, வெட்டுற ஆளும் வந்துட்டாங்க,” என்றான் விசில். அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை. “ஒரே வேன்ல.”

நாத்தனார் முன்னால் போய் நின்றாள். “தம்பி, போய் ஒரு டீ குடிச்சுட்டு வாங்களேன். அண்ணங்களையும் கூட்டிட்டுப் போங்க. பாலம் வரைக்கும்தான். அதுகூட வேண்டாம், அந்த மேடு வரைக்கும்.”

சிலிண்டர்காரர் அதை நிமிர்த்தி வைத்துவிட்டு, “இருட்டறதுக்குள்ள முடிக்கணும்மா,” என்றார். சொன்ன விதத்தில் கடுமை இல்லை.

“என் கையில எதுவும் இல்லக்கா,” என்றான் விசில். கையில் தாள் இருந்தது. அதைக் கவனித்து, மறைப்பதா நீட்டுவதா என்று தெரியாமல் நின்றான். பிறகு ஃபிட்டரிடம் குனிந்தான். “அண்ணே, நல்லா இருக்கீங்களா?”

“ஆமா.”

அவள் சிவப்புத் துணியை அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொண்டாள். நாற்காலியின் அருகே வந்து, கம்பியை அவர் மடியிலிருந்து எடுப்பதற்காக அதன் ஒரு முனையைப் பிடித்தாள். எடுக்கவில்லை. அவருடைய கை மறுமுனையை விடவில்லை. விசில் தாளை நீட்டினான். கீழே நீல மையில் ஒரு கையெழுத்து, தேதியோடு. அவள் மற்றொரு கையால் அதை வாங்கிக்கொண்டாள்.

அப்போது ஆணி துளைக்குள் ஆடத் தொடங்கியது. கட, கட, கட. நாத்தனார் திரும்பிப் பார்த்தாள். கம்பி அவருடைய தொடைகளின் மேல் கிடந்தது. ஒரு முனையில் அவர் கை, மறுமுனையில் அவள் கை. அவள் தன் பிடியை இறுக்கவும் இல்லை, விடவும் இல்லை.